மாடி சோலாரில் கார் ஓட்ட எத்தனை பேனல் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு பேனல், வாசலில் ஒரு மின்சாரக் கார். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள் காபி ஆறுவதற்குள் கேட்டுவிடுகிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கணக்கெல்லாம் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கானது. இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம் என்கிற நம் ஊர் முறை இந்தக் கணக்கையே மாற்றிப் போடுகிறது. அதனால் வேறு மாநிலத்துக்காரர் யாரோ வீடியோவில் சொன்ன கிலோவாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கார் பேட்டரி 45 யூனிட் என்கிறார்கள். தினமும் 45 யூனிட் தரும் சோலார் போட வேண்டுமா?

வேண்டாம். பேட்டரி என்பது பெட்ரோல் டேங்க் மாதிரி. 45 லிட்டர் டேங்க் இருப்பதால் யாரும் தினமும் 45 லிட்டர் போடுவதில்லை. எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவுதான் செலவு. பேட்டரி 30 யூனிட் ஆனாலும் 50 யூனிட் ஆனாலும், நாளைக்கு 40 கி.மீ. ஓட்டுகிறவருக்குச் சோலார் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதனால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் வண்டியின் கிலோமீட்டர் மீட்டரை. இப்போது பெட்ரோல் கார் வைத்திருந்தால் போன சர்வீஸ் பில்லில் ஒரு எண் இருக்கும், அதற்கு முந்தைய சர்வீஸ் பில்லில் ஒன்று இருக்கும். கழித்து, மாதத்தால் வகுத்துவிடுங்கள். "மாசம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவேன்" என்று சத்தியம் செய்த என் மச்சானுக்கு இப்படிப் பார்த்ததில் எழுநூற்றுச் சொச்சம்தான் வந்தது.

அதிலும் ஊருக்குப் போகிற நெடும்பயணங்களைக் கழித்துவிடுங்கள். வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் ஏற்றும் கரண்ட் உங்கள் வீட்டு மீட்டரில் வராது.

ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்?

நடுத்தர அளவுக் காருக்கு 6 கி.மீ. என்று வையுங்கள்.

நெக்ஸான் ஈ.வி.யின் 45 யூனிட் பேட்டரிக்குச் சோதனைக்கூடக் கணக்கு 489 கி.மீ. நம் ரோட்டில், ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்தால் 300 முதல் 350 வரை எதிர்பார்ப்பதே நியாயம். அதாவது பேட்டரியிலிருந்து யூனிட்டுக்கு ஏழு கி.மீ. போல. ஆனால் நீங்கள் பணம் கட்டுவது சுவர் பிளக்கில் எடுக்கும் யூனிட்டுக்கு. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிப் பேட்டரியில் ஏற்றுவதற்குள் 10 முதல் 15 சதவீதம் சூடாகவே போய்விடும். அதையும் கழித்தால் ஆறு. டியாகோ, காமெட் மாதிரிச் சின்ன வண்டிக்கு 7, 8 கூடக் கிடைக்கும். பெரிய எஸ்.யூ.வி.க்கு ஐந்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கார் திரையில் காட்டும் சராசரியைச் சோலார் கணக்குக்கு நம்ப வேண்டாம். அது பேட்டரிக்கு வெளியே நடப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு கிலோவாட் சோலார் நம் ஊரில் எவ்வளவு தரும்?

வருடச் சராசரி நாளைக்கு 4 யூனிட். மாதத்துக்கு 120, ஒரு பில் காலத்துக்கு 240. வருடத்துக்கு 1,400 முதல் 1,500 வரை. நிழல் இல்லாமல், தெற்குப் பார்த்து, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் வைத்திருந்தால் இது கிடைக்கும்.

கத்திரி வெயிலில்தான் மீட்டர் பறக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். எங்கள் வீட்டில் பிப்ரவரியும் மார்ச்சும்தான் ராஜா. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். மே மாத மத்தியானம் பேனல் 65 டிகிரிக்குக் காயும்போது, அந்த நேரத்து உற்பத்தியில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது.

சரி, காருக்கு மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

மாதம் 1,000 கி.மீ. என்று வைப்போம். ஆறால் வகுத்தால் 167 யூனிட், 170 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட் 120 தருகிறது என்றால் வேண்டியது 1.4 கிலோவாட். இப்போது சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 540 வாட் பேனலில் மூன்று.

அவ்வளவுதான், மூன்றே பேனல். முதல் தடவை இந்த விடை வந்தபோது எங்கோ பிசகிவிட்டேன் என்று திரும்பவும் போட்டுப் பார்த்தேன். தெருவில் பாதிப் பேர் "காருக்குப் பத்து கிலோவாட் வேணும் சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் 1.5 கிலோவாட் போட்டால் போதுமா?

யூனிட் கணக்கில் போதும். பில் கணக்கு வேறு விதமாகப் போகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பணம் இருப்பது இங்கேதான்.

நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலை கட்டணத்தின்படி, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் வரை ஒரு யூனிட் ஐந்து ரூபாய்க்குள்தான். 400 முதல் 500 வரை ஆறு ரூபாய்ச் சொச்சம். 500-ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்ச் சொச்சம், 600-ஐத் தாண்டினால் ஒன்பது, 800-ஐத் தாண்டினால் பத்து, 1,000-ஐத் தாண்டினால் பதினொன்று. அதோடு 500-க்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரை கிடைக்கும் பாதி விலைச் சலுகையும், 501 ஆனதும் போய்விடும்.

இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் எரிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏசி, ஒரு பிரிட்ஜ், போர் மோட்டார், டிவி. பில் சுமார் 1,500 ரூபாய். அந்த வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் கூடுதல். மொத்தம் 790. பில் 4,700 ரூபாயை ஒட்டி வரும். யூனிட் முக்கால் பங்குதான் கூடியது, பில் மும்மடங்கு. கார் ஏற்றிய யூனிட்டெல்லாம் விலை உயர்ந்த மேல்படியில் போய் உட்கார்ந்ததுதான் காரணம். காருக்கான கரண்ட் யூனிட் ஒன்பது ரூபாய்க்கு மேல் விழுந்திருக்கிறது.

இதையே தலைகீழாகப் பாருங்கள். சோலார் கழிக்கும் யூனிட்டும் மேல்படியிலிருந்துதான் கழியும். 1.5 கிலோவாட் போட்டால் 360 யூனிட் கழிந்து நிகரம் 430. கார் வருவதற்கு முன்பு இருந்த பில்லைவிடக் கொஞ்சம் குறைவு. 3 கிலோவாட் போட்டால் 720 கழிந்து நிகரம் 70. அது இலவச 100-க்குள் அடங்கிவிடும். யூனிட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

அப்படியானால் ஏன் ஆறு பேனல் போட்டீர்கள், எட்டு போட்டிருக்கலாமே?

இலவச 100 யூனிட்டை ஏன் விடுவது? பயன்பாட்டை முழுக்க ஈடுகட்டுகிற அளவுக்குப் போட்டால், மின்வாரியம் சும்மா தருவதை மறுத்துவிட்டுக் கைக்காசு போட்டு அதையே தயாரிக்கிறோம் என்று அர்த்தம். வீட்டுக்கும் காருக்கும் சேர்ந்த இரண்டு மாத யூனிட்டில் 100-ஐக் கழியுங்கள், மிச்சத்தை 240-ஆல் வகுங்கள். வருவது உங்களுக்கு அதிகபட்சம் வேண்டிய கிலோவாட். மேலே சொன்ன வீட்டுக்கு (790 − 100) ÷ 240, அதாவது 2.9.

அதிகபட்சம் என்றுதான் சொன்னேன், கட்டாயம் என்று சொல்லவில்லை. ஏசி மூன்று ஓடி, 900 யூனிட் எரிக்கும் வீட்டில் அதே கார் வந்தால் 1,240. வாய்ப்பாட்டுப்படி 5 கிலோவாட் கிட்ட வரும். ஆனால் முதல் 3 கிலோவாட்டே 720 யூனிட்டை மேல்படியிலிருந்து உருவி, 9,800 ரூபாய்ப் பில்லை 2,200-க்கு இறக்கிவிடும். அடுத்த இரண்டு கிலோவாட், மானியமும் இல்லாமல், அந்த மிச்ச 2,200-ஐ அழிக்க மட்டும் உழைக்கும். முதல் மூன்று கிலோவாட் போட்ட காசு மூன்று வருடத்துக்குள் திரும்பும். பிந்தைய இரண்டுக்கு ஏழெட்டு வருடம் ஆகும். போடக் கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போடுங்கள்.

மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மூன்றும் அதற்கு மேலும் 78,000-தான். கடைக்காரர் 5 கிலோவாட்டுக்கு அதிக மானியம் என்று சொன்னால் திரும்பிக் கேளுங்கள்.

3 கிலோவாட் போட ஏறக்குறைய 2 லட்சம் என்று வைத்தால் கையிலிருந்து போவது 1.2 லட்சம். முன்னே சொன்ன 450 யூனிட் வீடு வருடத்துக்கு 28,000 மிச்சப்படுத்தும், நாலரை வருடத்தில் திரும்பிவிடும். முழுப் பணத்தையும் நீங்கள் முதலில் கட்டி, மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். செல் முதற்கொண்டு இந்தியாவில் செய்த பேனலாக இருந்தால்தான் மானியம். கொட்டேஷனில் "டிசிஆர் பேனல்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாமல் வாயால் மட்டும் சொல்பவரிடம் ஜாக்கிரதை.

பகலில் கார் ஆபீஸில் நிற்கும். ராத்திரிதான் சார்ஜ் போடுவேன். சோலார் வீண்தானே?

வீண் இல்லை. வீடுகளுக்கு நிகர அளவீட்டு முறை இருக்கிறது. மாட்டுவது இருவழி மீட்டர். பகலில் மிஞ்சுவது தெருக் கம்பிக்குப் போகும்போது ஏற்றுமதி என்று எழுதும், ராத்திரி நீங்கள் எடுப்பதை இறக்குமதி என்று எழுதும். பில் போடுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு. ஒரு பில் காலத்தில் மிஞ்சினால் அடுத்த பில்லுக்கு யூனிட்டாகவே போகும்.

அதனால் இன்றைக்கு வீட்டில் பகல் சார்ஜும் ராத்திரி சார்ஜும் கணக்கில் ஒன்றுதான். நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கு வெயில் நேரத்தில் குறைந்த விலை, மாலை உச்ச நேரத்தில் கூடுதல் விலை வைக்க வேண்டும் என்று மத்திய விதி 2023-லேயே வந்துவிட்டது. அது வீடுகள் வரை இறங்கினால் மத்தியானம் சார்ஜ் போடுகிறவர் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமை பகலில் போடும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்வதில் நட்டமில்லை.

காருக்குத் தனி மீட்டர் வாங்கலாம் என்கிறார்களே?

வாங்கலாம், விதியில் இடம் இருக்கிறது. ஆனால் மாடியில் சோலார் போட்டவர் அதைச் செய்தால் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சோலார் எந்த இணைப்பில் இருக்கிறதோ அந்த இணைப்பின் யூனிட்டைத்தான் கழிக்கும். கார் வேறு மீட்டரில் ஏறினால் இங்கே யூனிட் மிஞ்சும், அங்கே பில் வரும்.

கீழ் வீட்டுக்கு ஒன்று, மாடி வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு மீட்டர் இருக்கும் வீடுகளில் இந்தத் தவறு சாதாரணமாக நடக்கிறது. சோலாரை மாடி மீட்டரில் கொடுத்துவிடுவார்கள், மாடிக்குப் பக்கம் என்பதால். கார் பிளக் போர்டிகோவில், கீழ் மீட்டரில் இருக்கும். எங்கள் தெருக் கோடியில் ஒருவர் வீட்டில் இப்படியே ஆறு மாதம் ஓடியது. பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடி மீட்டரிலிருந்து போர்டிகோவுக்கு ஒயர் இழுத்தார்கள். போடுவதற்கு முன்பே கார் எந்த மீட்டரில் ஏறும் என்று முடிவு செய்து, சோலாரையும் அதிலேயே கொடுங்கள்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் என்ன செய்வது?

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்தப் பில் காலத்தில் கிலோவாட்டுக்கு 240 வர வேண்டிய இடத்தில் 200-க்குக் கீழே போவதுண்டு. புயல் சின்னம் கடலோரம் நிற்கும் நாளில் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு யூனிட்கூட வராது. கோயம்புத்தூர், தென்காசிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜூன், ஜூலையிலேயே சாரல் மேகம் இந்த வேலையைச் செய்துவிடும்.

இதற்காகப் பேனலைக் கூட்டாதீர்கள். மழை மாதத்துக்குப் போதுமாறு போட்டால் மற்ற பத்து மாதமும் தேவைக்கு மேல் வரும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மிஞ்சுவதை நம்பிப் பணம் போடுவது புத்தியில்லை. மழைக் காலத்தில் ஒரு பில் ஐநூறோ ஆயிரமோ வரட்டும். ஏசி ஓடாத மாதங்கள் என்பதால் வீட்டுச் செலவும் அப்போது தானாகக் குறைந்திருக்கும்.

கரண்ட் போனால் சோலாரிலிருந்து கார் ஏறுமா?

ஏறாது. வெயில் கொளுத்தினாலும் ஏறாது. கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கு உங்கள் மாடி எமனாகிவிடும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் "இன்வெர்ட்டர்" என்றால் கரண்ட் போனால் மின்விசிறி ஓட்டும், பேட்டரி வைத்த பெட்டி. சோலார்காரர் சொல்லும் இன்வெர்ட்டர் பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி, அதில் பேட்டரி கிடையாது. "இன்வெர்ட்டர் சேர்த்துத்தானே விலை?" "ஆமாம் சார்" என்று முடிந்த பேரத்தில், அடுத்த மின்தடையன்று சண்டை வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் சேமித்துக் காருக்கு ஏற்றினால்?

150 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் இருப்பது மொத்தமே 1.8 யூனிட். அடிமட்டம் வரை உறிஞ்சினாலும் கார் பத்து கிலோமீட்டர் போகும், பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். பெரிய லித்தியம் பேட்டரி வைத்தாலும், ஒரு பேட்டரியில் ஏற்றி இறக்கி இன்னொரு பேட்டரியில் ஏற்றுவதில் இரண்டு தடவை இழப்பு. நிகர அளவீடு இருக்கும்வரை வாரியத்தின் கம்பிதான் உங்கள் பேட்டரி.

7.2 கிலோவாட் சார்ஜருக்கு 7.2 கிலோவாட் சோலார் வேண்டாமா?

வேண்டாம். சார்ஜர் அளவு என்பது குழாயின் பருமன், சோலார் என்பது கிணற்றில் ஊறும் தண்ணீர். 40 கி.மீ. ஓடிவிட்டு வந்த காருக்கு வேண்டியது ஏழு யூனிட். 7.2 சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏறும், 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று மணி நேரத்தில் ஏறும். இரண்டிலும் மீட்டர் காட்டுவது ஏறத்தாழ அதே ஏழுதான்.

7.2 சார்ஜர் மாட்டுவதாக இருந்தால் வீட்டுக்கு அனுமதித்த மின்சுமையைக் கூட்ட வேண்டும், பெரும்பாலும் மும்முனை இணைப்புக்கு மாற வேண்டும். நாளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவருக்கு அந்தச் செலவு எதற்கு என்பது என் கட்சி. ராத்திரி பத்து மணிக்குச் செருகிவிட்டுத் தூங்குங்கள்.

15 ஆம்பியர் பிளக் எதுவானாலும் போதுமா?

வாஷிங் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காரைச் செருகாதீர்கள். வாஷிங் மெஷின் விட்டு விட்டு ஓடும், கார் மணிக்கணக்கில் ஒரே சீராக இழுக்கும். மீட்டர் போர்டிலிருந்து நேராக 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், சுமை கூடினால் விழும் தனி எம்சிபி, கசிவு வந்தால் வெட்டும் ஆர்சிசிபி, இரும்புப் பெட்டி வைத்த இன்டஸ்ட்ரியல் சாக்கெட். முதல் வாரம் சார்ஜ் ஏறும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ இணைப்பு தளர்வு.

இன்னொன்று எர்த். போன மே மாதம் ஒரு நாள் இரவு எங்கள் கார் சார்ஜ் ஏற மறுத்தது. சார்ஜர் ஒயர் முனையில் இருக்கும் துப்பாக்கியைக் காரில் செருகினால் பெட்டியில் சிவப்பு விளக்கு. காரைத் திட்டினேன், சார்ஜரைத் திட்டினேன், சர்வீஸ் எண்ணுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பாட்டுக் கேட்டேன். காலையில் வந்த எலக்ட்ரீஷியன் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வீட்டுப் பின்பக்கம் போய், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் எர்த் குழி மூடியைத் தூக்கிப் பார்த்து, "தண்ணி கொண்டாங்கண்ணே" என்றார். இரண்டு வாளி ஊற்றினோம். மண் குடித்த வேகத்தைப் பார்த்தால் எத்தனை மாதத் தாகமோ. கால் மணி நேரம் கழித்துச் செருகினால் பச்சை. கோடையில் மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, அதைக் கண்டுபிடித்துச் சார்ஜர் நின்றுவிடுகிறது. மின்விசிறிக்கும் டியூப்லைட்டுக்கும் எர்த் இல்லாதது இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கும். கார்தான் காட்டிக்கொடுக்கும். சோலாருக்கு எப்படியும் தனி எர்த் குழி போடுவார்கள். ஆட்கள் வந்திருக்கும் அன்றே வீட்டு எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாடியில் எவ்வளவு இடம் வேண்டும்?

540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி, எடை 28 கிலோ கிட்ட. நடக்க இடம், கழுவ இடம் சேர்த்து கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வையுங்கள். 3 கிலோவாட்டுக்கு 300.

இடத்தைவிட நிழல்தான் பெரிய வில்லன். மொட்டை மாடியில் மாடிப்படி அறை ஒன்று இருக்கும், அதன் தலையில் தண்ணீர் டேங்க் இருக்கும். மாலை மூன்று மணிக்கு அந்த நிழல் எங்கே விழுகிறது? பேனல்கள் சங்கிலியாக இணைந்திருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் பக்கத்தில் உள்ளவற்றின் வேலையையும் கெடுக்கும். பக்கத்து வீட்டுத் தென்னை ஓலையின் நிழல் மெலிசாக ஆடிக்கொண்டிருப்பதுகூடக் கணக்கில் சேரும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், நிழல் நீளும். ஆனி மாதத்தில் அளந்துவிட்டுப் போனவருக்கு அது தெரியாது. நாற்காலி போட்டு ஒரு நாள் முழுக்க மாடியைப் பார்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை.

வடாம் காயப்போட இடம் போய்விடுமே என்று வீட்டில் கேட்பார்கள். எட்டடி உயரத்தில் தூக்கிக் கட்டலாம், கீழே நடமாடலாம். செலவு கூடும், காற்று வாங்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரிப் புயல் வரும் ஊரில் தூக்கிக் கட்டுவதானால் துத்தநாக முலாம் போட்ட கனமான கம்பி, தளத்தில் சரியான பிடிமானம் இரண்டிலும் பேரம் பேசாதீர்கள்.

பேனல் கழுவ எந்தத் தண்ணீர்?

போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு நிற்கும், அதைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. நல்ல தண்ணீர் ஒரு வாளியும் நீளக் கோல் வைத்த துடைப்பானும் போதும். காலையில் வெயில் ஏறுமுன் செய்யுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். காக்கை எச்சம் விழுந்தால் அன்றைக்கே.

கார் இல்லை, ஸ்கூட்டர் மட்டும்தான். சோலார் போடலாமா?

ஸ்கூட்டருக்காகப் போட வேண்டியதில்லை. நாளைக்கு 30 கி.மீ. ஓட்டினால் ஒரு யூனிட் ஆகும். மாதத்துக்கு 30. அரைப் பேனல் வேலை. வீட்டுப் பில் 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள், தாண்டினால் சோலார் பேச்சை எடுங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறோம், மொட்டை மாடி பொது. எங்களுக்கு வழி?

சங்கத்தைக் கூட்ட வேண்டும், அதுதான் கஷ்டமான பாகம். வழி இருக்கிறது. அதே மத்தியத் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் பொது வசதிகளுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு, வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில், 500 கிலோவாட் வரை. லிஃப்ட், தண்ணீர் மோட்டாரோடு கார் சார்ஜிங்கும் அந்தப் பொது வசதியில் சேர்த்தி. வண்டி நிறுத்துமிடத்தில் பொது மீட்டரிலிருந்து பிளக் கொடுத்து, ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு துணை மீட்டர் வைத்தால் யார் எவ்வளவு ஏற்றினார் என்ற சண்டை வராது.

முதலில் காரா, சோலாரா?

கார் இந்த வருடமே வருவது உறுதி என்றால் சோலாரை முன்னாலேயே போடலாம், கார் யூனிட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து. "வாங்கலாம் என்று இருக்கிறோம்" என்ற நிலை என்றால் வீட்டுக்கு மட்டும் போடுங்கள், ஆனால் இன்வெர்ட்டரை ஒரு படி பெரிதாக வாங்கிவையுங்கள். 3 கிலோவாட் பேனலுக்கு 5 கிலோவாட் இன்வெர்ட்டர் இருந்தால், பின்னால் நாலு பேனல் சேர்ப்பது ஒரு நாள் வேலை. வாரியத்தில் கூடுதல் அளவுக்கு அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவே. 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு வேண்டாம் என்று 2024-ல் விதி வந்த பிறகு அந்தப் பாடு குறைந்திருக்கிறது.

பேனலுக்கு மட்டும் ஒன்று சொல்லிவைக்கிறேன். மூன்று வருடம் கழித்து அதே வாட் பேனல் கடையில் கிடைக்காது. புதிதாக வருவதைப் பழைய சங்கிலியில் கோக்காமல், இன்வெர்ட்டரில் இருக்கும் இரண்டாவது நுழைவாயிலில் தனிச் சங்கிலியாகக் கொடுக்க வேண்டும். வாங்கும்போதே இரண்டு நுழைவாயில் உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.